வரேன் என்று சொல்லாமல்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. என் மனைவியின் மனநல ஆலோசகர் கொடுத்த வீட்டுப்பாடம் இது. வைத்தியம் மனைவிக்கு, வீட்டுப்பாடம் கணவனுக்கு. இதில் என்ன நியாயம் என்று கேட்டேன். "கோபமா இருக்கா? நல்லது," என்றார். அந்த அம்மாளிடம் எதைச் சொன்னாலும் நல்லதுதான். வீடு பற்றி எரிகிறது என்று ஓடிப்போய்ச் சொன்னாலும், "நல்லது, பக்கத்துல எவ்வளவு நேரம் நிக்க முடியும்?" என்று கேட்பார்.

நான் பத்திரிகைகளுக்குக் கதை எழுதிப் பிழைப்பவன். என் கதைகளில் தொலைந்தவர்கள் கிடைத்துவிடுவார்கள். கோபித்துக்கொண்டு போனவர்கள் கடைசிப் பத்திக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். இதற்குப் பின்னால் இலக்கியக் கொள்கை எதுவும் இல்லை, என் முதல் வாசகி என் மனைவி, அவ்வளவுதான். எழுதிய தாள்களை நீட்டினால், "யாராவது செத்துப் போறாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மூக்குக்கண்ணாடியைத் தேடுவாள். இல்லை என்றால்தான் படிப்பாள். அவள் படிக்க வேண்டும் என்பதற்காகவே கல்யாணமான நாளிலிருந்து என் பாத்திரங்கள் யாரும் சாகவில்லை. தொடர்கதை ஒன்றில் ஒரு பெரியப்பா மருத்துவமனைக்குப் போவதும் பிழைத்து வருவதுமாகவே இருந்தார். பாவம், அவரை விட்டுவிடுங்கள் என்று வாசகர்களே எழுதிக் கேட்டார்கள்.

ஆலோசகரின் நிபந்தனைகள் கடுமையானவை. எழுதியதை அடிக்கக் கூடாது, அரைகுறை வாக்கியம் அரைகுறையாகவே நிற்க வேண்டும். முடிவை மனைவியிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. முக்கியமாக, யாரையும் தேற்றக் கூடாது, வாசகர் உட்பட.

ஆகவே வாசகரே, கவலைப்படாமல் படியுங்கள், இதில் யாருக்கும் ஒன்றும் ஆ

[பாருங்கள். கை தானாகப் போகிறது.]

2

முதலில் போட்ட தொடக்கம்: ‘லிஃப்ட்டின் கதவு திறந்தது. உள்ளே ஓர் இருண்ட குகை அவளை விழுங்கக் காத்திருந்த’

[லிஃப்ட்டில் விளக்கு எரிகிறது. பின்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி வேறு. தலைவாரிக்கொள்ள வசதியுள்ள குகையை யாராவது கண்டதுண்டா?]

அடுத்தது: ‘மனித மனம் என்பது ஆழங்காண முடியாத’

[இதைத் தொடர்ந்தால் சன்மானம் வரும், மானம் போகும்.]

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஒரு வரைபடக்காரி. வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டுக்கொடுக்கும் அலுவலகத்தில் வேலை. அலுவலகம் நான்காவது மாடியில். லிஃப்ட் இருந்தும் படியேறித்தான் போவாள். மேஜையைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வரைகிற வீடுகளில் ஒரு விசேஷம் உண்டு. எந்த அறைக்கும் ஒரு வாசல் இருக்காது, இரண்டு இருக்கும். படுக்கையறைக்கு இரண்டு, சமையலறைக்கு இரண்டு. ஒருமுறை குளியலறைக்கே இரண்டு போட்டுவிட்டாள். வீட்டுக்காரர் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஏம்மா, குளிக்கும்போது நான் எந்தக் கதவைன்னு பிடிச்சுக்கறது?" என்று சண்டைக்கு நின்றார்.

அலுவலக முதலாளி கெட்டிக்காரர். இதற்குக் ‘காற்றோட்டம்’ என்று பெயர் சூட்டி விளம்பரம் செய்துவிட்டார். இன்று இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்கள், என் மனைவியின் பயத்துக்குள் குடியிருந்துகொண்டு, காற்று நன்றாக வருகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கின்றன.

3

ஒரே ஒரு பயம் என்றால் கதையை ஒரு பக்கத்தில் முடித்திருப்பேன். அவள் தலைக்குள் இருந்தது ஒரு கூட்டுக்குடும்பம். மூடிய இடத்தில் மூச்சு முட்டிச் செத்துவிடுவேனோ என்பது மூத்த மருமகள். எல்லாரும் என்னையே பார்க்கிறார்களோ என்பது இளையவள். கதவைப் பூட்டினேனோ, அடுப்பை அணைத்தேனோ என்று தெருமுனையிலிருந்து திரும்ப இழுத்து வருகிறவள் கடைக்குட்டி. மாமியார் குறிப்பாக எதையும் சொல்ல மாட்டாள். விடிந்ததும் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, ‘ஏதாவது ஆயிடுமோ, ஏதாவது ஆயிடுமோ’ என்று முனகுவாள்.

இவர்களுக்குள் ஒத்துப்போனால் பரவாயில்லையே. லிஃப்ட்டில் தனியாக ஏறினால், நின்றுபோனால் யார் காப்பாற்றுவது என்பாள் மூத்தவள். ஆள் இருக்கும்போது ஏறலாமென்றால், நம் கை நடுங்குவதைப் பார்த்துவிடுவார்கள் என்பாள் இளையவள். வம்பே வேண்டாம் என்று படியேறினால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கியதும், இதயத்தில் ஏதோ கோளாறு என்று மாமியார் ஒப்பாரிக்குத் தயாராவாள்.

முன்பு ஒரு நிபுணரிடம் போனோம். அவர் லிஃப்ட்டுக்கு மட்டும். பூட்டைப் பற்றிச் சொன்னபோது, அது தன்னுடைய பிரிவு அல்ல என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். அவர் புண்ணியத்தில் லிஃப்ட் பயம் கொஞ்சம் அடங்கியது. அந்த வாரமே பூட்டுப் பயத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பூட்டுக்கென்றே பெயர்பெற்ற இன்னொரு நிபுணரைத் தேடிப் போனோம். அவருடைய அறை ஏழாவது மாடியில் இருந்தது. கீழே வரவேற்பறையில் உட்கார்ந்து அவரோடு தொலைபேசியில் பேசிவிட்டு வந்தோம்.

இந்த ஆலோசகரின் அறை தரைத்தளத்தில். அதற்காகத்தான் இவரிடம் போனோம், திறமையைக் கேள்விப்பட்டு என்று பொய் சொல்ல மாட்டேன். காத்திருக்கும் அறையிலேயே அவருடைய தொழில் தெரிந்துவிடும். கதவுக்குப் பக்கத்து நாற்காலிக்கு மட்டும் அவ்வளவு போட்டி. கதவை மூடினால் ஒருவருக்கு ஆகாது. திறந்திருந்தால் இன்னொருவருக்கு ஆகாது. கைப்பிடியைத் தொட மூன்றாமவர் மாட்டார். கடைசியில் யாரோ ஒருவரின் செருப்பு, பாதி திறந்த கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆலோசகர் சொன்னார்: "நாலு பயம் இல்லம்மா. ஒரே பயம் நாலு வேஷம் போட்டுட்டு வருது. பூட்டலையோ, செத்துடுவேனோ, பாக்கறாங்களோ. எல்லாத்துக்கும் கடைசில ஒரு ‘ஓ’ இருக்கு பாருங்க. உங்களுக்கு லிஃப்ட் பிரச்சினை இல்ல, தெரியாம இருக்கறதுதான் பிரச்சினை. அந்த ‘ஓ’வோட உக்காந்து பழகணும்."

[எழுத்தும் எழுத்துக்களின் குணமும் என் துறை. அதில் வெளியாள் ஒருவர் புகுந்து கண்டுபிடித்ததை நான் ரசிக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.]

வைத்தியம் கேட்பதற்கு எளிது. எதற்குப் பயமோ அதன் முன்னால் போய் நிற்பது, ஓடாமல், எதையும் பிடித்துக்கொள்ளாமல். நடக்கும் என்று நினைத்தது நடக்கவில்லை, அல்லது நடந்தும் தாங்க முடிந்தது என்று மனசு தானாகவே தெரிந்துகொள்ளும்வரை நிற்பது. நடுவே பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். மனதுக்குள் சொல்லிக்கொள்ள ஒரு வாக்கியமும் கொடுத்தார்: ‘ஆகலாம், ஆகாமலும் போகலாம்.’

4

இங்கே கணவர் பாத்திரம் வருகிறது. ‘அவர் உயரமான, நிதானமான, களையான’

[அடிக்கக் கூடாது என்பதால் விட்டுவைக்கிறேன். மகள் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.]

இந்தப் பாத்திரம் கதைக்குத் தேவைதானா என்று எனக்கே சந்தேகம். அவர் செய்வதெல்லாம் ஒன்றுதான். மனைவி எதைக் கேட்டாலும் "ஒண்ணும் ஆகாது" என்பார். அதைத் தன்னுடைய அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை தடவை சொல்வீங்க சார்?" என்று ஆலோசகர் கேட்டார்.

"அவ கேக்கறப்பல்லாம்."

"அவங்க எப்பக் கேப்பாங்க?"

"நான் சொல்லி முடிச்சதும்."

"நல்லது. அவங்க வரையற வீட்ல ரெண்டாவது கதவு இருக்கே, அது நீங்கதான் சார்."

அன்றோடு அந்த வார்த்தை எனக்குத் தடை செய்யப்பட்டது. மறுநாள் இருவரும் வெளியே கிளம்பினோம். தெருமுனையில் அவள் நின்றாள். "அடுப்பை அணைச்சேனாங்க?"

"தெரியலையே."

"வீடு எரிஞ்சிடுமோ?"

"எரியலாம். எரியாமலும் போகலாம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. வீடு எரியவில்லை, எரிந்தது நான்தான்.

நூற்றுக்கு எவ்வளவு என்ற கணக்கு மட்டும் குடும்பத்தில் நன்றாக ஒட்டிக்கொண்டது. குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னால் மகள், "எண்பதும்மா, என்னால முடியாது" என்பாள்.

5

லிஃப்ட் அத்தியாயம். [இதை வீரகாவியமாக எழுத ஆசைப்பட்டேன். அவள் வந்து சொன்னதைக் கேட்டபின் கைவிட்டேன்.]

கூட்டுக்குடும்பம் மொத்தத்தையும் ஒரே வண்டியில் ஏற்ற வேண்டும் என்பது ஆலோசகரின் திட்டம். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்க்காமல் வர வேண்டும். கைப்பேசியை அணைத்துவிட வேண்டும். அலுவலக லிஃப்ட்டில், கூட்டமான நேரத்தில், எந்த வேலையும் இல்லாமல் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்க வேண்டும். யாராவது கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

அவள் ஏறினாள். முதல் தடவை உள்ளங்கை நனைந்தது, காது அடைத்தது, கதவின் நடுக்கோட்டைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவை கோப்புக்கட்டோடு ஒருவர் ஏறி, பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "எந்த மாடிங்க?"

"எந்த மாடியும் இல்ல. எனக்கு லிஃப்ட்னா பயம். அதான் போயிட்டுப் போயிட்டு வரேன்."

அவர் முகம் வெளுத்தது. "ஏங்க, ஏதாவது ஆகுமா?"

"ஆகலாம். ஆகாமலும் போகலாம்."

அடுத்த மாடியிலேயே அவர் இறங்கிக்கொண்டார். படிக்கட்டில் கோப்புகள் சரிகிற சத்தம் கேட்டதாம். தன்னால் ஒருவர் பயந்துபோனார் என்பது அவளுக்குப் புது அனுபவம். கதவு மூடியதும் தனியாகச் சிரித்திருக்கிறாள். சிரித்து முடித்தபோது லிஃப்ட் உச்சி மாடியில் நின்றிருந்தது, அவள் பயப்பட மறந்திருந்தாள்.

6

என் வழக்கமான கதையாக இருந்தால் இங்கே முடித்து, கீழே ஒரு பூப்படம் போட்டிருப்பார்கள். ஆனால் லிஃப்ட் வெறும் ஒத்திகை. உண்மையான பரீட்சை எங்கள் மகள்.

மகளுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை, வேறு ஊரில். பனைமர உயரத்தில், கண்ணாடி அறைக்குள், தனியாக உட்கார்ந்து கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கி இறக்க வேண்டும். ஒரு தாயை நடுங்க வைப்பதற்கென்றே யாரோ யோசித்து உருவாக்கிய வேலை. போன வருடமே கிடைத்தது. போக முடியவில்லை. காரணம் ஒரு வார்த்தை.

வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது, ‘போயிட்டு வரேன்’ என்று சொல்ல வேண்டும். இது உங்களுக்கும் தெரியும், நம் மொழியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எங்கள் வீட்டில் இதற்கு உட்பிரிவுகள் உண்டு. மகள் சொன்னதும் அம்மா "வா" என்று சொல்ல வேண்டும். அந்த ‘வா’ மகள் காதில் விழ வேண்டும். விழுந்ததற்கு அவள் தலையாட்ட வேண்டும். போன வருடம், அம்மா ‘வா’ சொன்ன அதே நொடியில் தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மகளைத் திரும்பக் கூப்பிட்டாள். செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்ப வைத்தாள். அதற்குள் அம்மா படபடப்பு வந்து கீழே உட்கார்ந்துவிட்டாள். ரயில் போய்விட்டது. வேலையும் போய்விட்டது. மகள் அறைக்குள் போய்ப் பெட்டியைப் பிரித்துத் துணிகளை அடுக்கினாள். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

இந்த வருடம் மறுபடி அழைப்பு வந்தது. இதையும் விட்டால் பிறகு அவர்கள் கூப்பிடப் போவதில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு ஆலோசகரிடம் போனோம்.

"கிளம்பும்போது ‘போறேன்’னு மட்டும் சொல்லட்டும்," என்றார் ஆலோசகர். "நீங்க ‘வா’ன்னு சொல்லக் கூடாது. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொல்லக் கூடாது. அவளுக்கா எப்பத் தோணுதோ அப்பப் பண்ணட்டும்."

"மேடம், அது எப்படி... வாய்ல வரக் கூடாத வார்த்தை மேடம்," என்றேன்.

"உங்களுக்கு நூத்துக்கு எவ்வளவும்மா?"

"நூத்திப்பத்து," என்றாள் மனைவி.

"நல்லது." நேரம் முடிந்திருந்தது. ஆலோசகருக்கும் அதுதான் அன்றைய கடைசி வேலை. பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப அடுத்த வாரம் பாப்போம். நான் போயிட்டு வரேன்."

நாங்கள் மூன்று பேரும் அவரையே பார்த்தோம். அவரும் கதவருகே நின்றுவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக நல்லது என்று சொல்லவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "போ... போறேன்," என்றார். போனார். காலடிச் சத்தம் தெருவரைக்கும் போய், நின்று, திரும்பி வந்தது.

"குடையை மறந்துட்டேன் போல," என்றார்.

குடை அவர் கையில் இருந்தது.

7

இன்று காலை.

[இந்தப் பகுதியில் நகைச்சுவை வரவில்லை. முயன்று பார்த்தேன்.]

பெட்டி வாசலில் இருந்தது. மகள் செருப்பை மாட்டிக்கொண்டாள். வரைபடக்காரி நிலைப்படிக்கு உள்ளே நின்றாள். அவள் தலைக்குள் மாமியார், மருமகள்கள் எல்லாரும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள் என்பது அவள் கைகளைப் பார்த்தாலே தெரிந்தது. முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். கிரேன் சாயுமோ. கண்ணாடி உடையுமோ. ரயிலில் யாராவது. கடைசியாகப் பார்ப்பது இதுதானோ. எல்லா ‘ஓ’வும் வந்திருந்தன.

"அம்மா, போ..." என்றாள் மகள். நின்றுவிட்டாள்.

யாரும் எதிர்பார்க்காதது இது. அம்மாவுக்காகவே இவ்வளவு ஒத்திகையும் பார்த்தோம். வார்த்தை சிக்கியது மகளின் தொண்டையில். சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு முறையும் ‘வா’ காதில் விழுந்தபிறகுதான் தெருவில் கால் வைத்தவள். அம்மாவின் பயத்தை அவள் பொறுத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தோம். அவள் கற்றுக்கொண்டிருந்தாள்.

"வார்த்தை வரலம்மா. பயமா இருக்கு. நீ வழக்கம்போலச் சொல்லிடேன். இந்த ஒரு தடவை."

வரைபடக்காரிக்கு ஒரே ஓர் எழுத்துதான் வேலை. அதைச் சொன்னால் பெண்ணின் முகம் தெளிந்துவிடும். அவள் நிம்மதியாக ரயிலேறுவாள், பிறகு ஒவ்வொரு வாசலிலும் யாராவது ‘வா’ சொல்லக் காத்து நிற்பாள். இது அம்மாவுக்குத் தெரிந்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது, ஆனால் குரல் நடுங்கவில்லை.

"எவ்வளவுடி இருக்கு?"

"தொண்ணூறு."

"எனக்கும்தான். நீ சொல்லு."

"ஏதாவது ஆயிட்டா?"

"ஆகலாம்டி. ஆகாமலும் போகலாம். நீ போ."

"போன்னா திட்டற மாதிரி இருக்கும்மா."

"திட்டினதா வெச்சுக்க. போ."

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். "போறேம்மா," என்றாள். பெட்டியை இழுத்துக்கொண்டு எங்கள் குடியிருப்பின் லிஃப்ட்டுக்குள் போனாள். கதவு மூடிக்கொண்டது. வரைபடக்காரியின் உதடு ‘வா’ என்று குவியத் தொடங்கியதை நான் பார்த்தேன். சூடான கவளத்தை விழுங்குவதுபோல அதை விழுங்கிவிட்டு உள்ளே போனாள்.

கணவர் பாத்திரம் பால்கனிக்கு ஓடி, மகள் தெருமுனை திரும்பும்வரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

8

முடிவுகள்.

இந்த வேலையில் எனக்குத் தேர்ச்சி உண்டு. ‘அப்போது தொலைபேசி ஒலித்தது. "அம்மா, வந்து சேந்துட்டேன்!"’ என்று எழுத அரை நிமிடம் போதும். உள்ளுக்குள் கொஞ்சம் கசப்பை விரும்பும் வாசகர்களுக்கு வேறொன்று வைத்திருக்கிறேன்: ‘தொலைபேசி ஒலித்தது. மறுமுனையில் அறிமுகமில்லாத ஒரு குர’

[முடியாது. அடிக்கக் கூடாது என்ற விதி இல்லாவிட்டால் இந்த வாக்கியத்தைக் கிழித்து எரித்திருப்பேன்.]

இப்போது மாலை. ரயில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. தொலைபேசி மேஜைமேல் இருக்கிறது. நான் அதைப் பார்க்கவில்லை என்று எழுத ஆசை. கூடத்தில் மனைவி யாருடைய வீட்டுக்கோ வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறாள். எட்டிப் பார்த்தேன். படுக்கையறைக்கு ஒரு வாசல் போட்டிருந்தாள். இரண்டாவது வாசலுக்குப் பென்சிலால் புள்ளி வைத்து, புள்ளியை அழித்திருந்தாள்.

நான் எழுதுவது அவளுக்குத் தெரியும். வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்கவில்லை. அது எனக்கு என்னவோ போல இருந்தது. அவள் கேட்டால்தானே நான் சொல்ல முடியும்? நான் சொன்னால்தானே எனக்கும் கேட்கும்? ‘ஒண்ணும் ஆகாது’ என்று இத்தனை காலம் யாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது, வாசகரே, எட்டாவது பகுதியில்தான் எனக்கே புரிகிறது. பேனாவை மூடிவிட்டுக் கேட்டேன்:

"ஏம்மா, ஒண்ணும் ஆகாதுல்ல?"

அவள் அளவுகோலிலிருந்து கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"நூத்துக்கு எவ்வளவு?"

"தொண்ணூத்தஞ்சு."

"நல்லது," என்றாள். பக்கத்து நாற்காலியைக் காலால் நகர்த்தி எனக்கு இடம் போட்டாள். பிறகு மறுபடி வரையத் தொடங்கினாள்.

அந்த நாற்காலியிலிருந்துதான் இதை எழுதுகிறேன். மகள் போய்ச் சேர்ந்தாளா என்று நீங்கள் கேட்கிறீர்கள். சேர்ந்திருக்கலாம். அதற்குமேல் எனக்குத் தெரியாது. உங்களுக்குப் பிடித்த முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும் அப்படித்தானோ என்று ஓர் ‘ஓ’ மிச்சமிருக்கும், அதற்கு நான் பொறுப்பல்ல.

என் கதைகளின் அடியில் மறுபடி சந்திப்பதாக ஒரு வரி எழுதுவது வழக்கம். இன்று அது கிடையாது. வாசல்வரை வந்துவிட்டேன். நீங்கள் ‘வா’ என்று சொல்ல வேண்டாம்.

போறேன்.